திரும்ப வராத சூடு

கலைச்செல்வி மேடம் இறந்த செய்தி எனக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் வந்தது. என் நெல்லுக்கு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருவி ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு எண்ணைக் காட்டியது, நான் வழக்கம்போல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நம் விவசாயிகள் சங்கத்து வாட்ஸ்அப்பில் அவர் கணவர் மணிவண்ணன் போட்ட இரண்டு வரி வந்தது. காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்துவிட்டது, நாளை மதியம் அடக்கம். ஐம்பத்திரண்டு வயது. போட்ட சத்தம் பாதியில் நின்றுவிட்டது எனக்கு.

பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்துப் படித்தார். பெயர் வேண்டாம், நம் உறுப்பினர்தான். "அடப்பாவமே. நல்ல பொம்பளைங்க. அந்த விதை விஷயத்துலதான் பேரைக் கெடுத்துக்கிட்டாங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்பு நம் சங்கத்தின் நெல் உலர்த்தும் டிரையரில் ஆறு குடும்பங்களின் விதைநெல் செத்துப்போனது. மேடம் கட்டின டிரையர் விதையை அவித்துவிட்டது என்று இன்றைக்கும் நாலு ஊரிலும் பேசுகிறார்கள். அவித்தது டிரையரும் இல்லை, மேடமும் இல்லை. நான். தலைவர், தலைவர் என்று நீங்கள் மேடையில் உட்கார வைத்திருக்கிற இதே ராஜேந்திரன்தான். மேடத்துக்கு அது தெரியும். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்டுப்போன அந்தப் பெயரை அவர் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்திருக்க வேண்டும். செத்த பிறகாவது செய்யாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காக அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கீழத்தெருவில் பிறந்தவர். அவருடைய அப்பா எங்கள் வயலில் வேலை செய்தவர். மகள் இன்ஜினியரிங் படித்து, தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் வெப்ப இயக்கவியல் பாடம் நடத்தினார். தினமும் பஸ்ஸில் போய் வந்தார், ஊரை விட்டுப் போகவில்லை. கணவர் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தை வைத்து நம் சங்கத்தில் உறுப்பினரானார். கீழத்தெருவில் அப்போதுதான் பலர் கூலி வேலையை விட்டுக் குத்தகைக்கு நிலம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களையும் நிலக்காரர்களான எங்கள் மேலத்தெருக்காரர்களையும் ஒரே பாயில் உட்கார வைத்தவர் அவர்தான்.

முதல் கூட்டத்தில் நான் பழைய பழக்கத்தில் "கலைச்செல்வி, நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன். அவர் நிதானமாக எழுந்து, "சொல்றேங்க ராஜேந்திரன்" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் வீட்டு மாப்பிள்ளைகூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சொல்லுங்க மேடம்" என்றேன். "சரிங்க தலைவரே" என்றார் அவர், சிரிக்காமல். அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த இரண்டு பெயர்களும் நிலைத்துவிட்டன.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், யார் சொன்னாலும் கேட்க மாட்டேன், இது ஊரறிந்த விஷயம். ஒரு கோடையில் என் போர்செட்டில் தண்ணீர் குறைவாக விழுந்தது. மோட்டாருக்கு வயசாகிவிட்டது, ஏழரை குதிரை மோட்டார் வாங்கப் போகிறேன் என்று கூட்டத்தில் சொன்னேன். அவர் வயலுக்கு வந்து பார்த்துவிட்டு, "மோட்டாருக்கு ஒண்ணும் இல்லைங்க. இந்தச் சின்ன பைப்புல அவ்வளவு தூரம் தள்ளச் சொன்னா, தண்ணி வழியெல்லாம் பைப்போட சண்டை போட்டுக்கிட்டுத்தான் வரும். பைப்பைப் பெரிசாக்குங்க" என்றார். உங்க பாலிடெக்னிக் பசங்ககிட்ட சொல்லுங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போய் மோட்டாரை வாங்கினேன். தண்ணீர் கொஞ்சம்தான் கூடியது. அவர் மறுபடி வந்து மோட்டார் மேல் கையை வைத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். "நீங்க கூட்டின கரண்டு வேற எங்கயும் போகல தலைவரே, இங்கதான் இருக்கு. அவசரப்பட்டா பாதி சூடாத்தான் போகும்" என்றார். பைப்பை மாற்றினேன். பழைய ஐந்து குதிரை மோட்டாரையே திரும்ப மாட்டினேன், இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

டிரையர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். அறுப்பு நேரத்தில் மழை பெய்தால் நம் நெல் ஈரம் என்று திரும்பி வரும், ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மானியத்தில் டீசல் டிரையர் தருகிறார்கள் என்றதும் நான் தலைகால் புரியாமல் குதித்தேன். தீர்மானமே எழுதிவிட்டேன். மேடம் எழுந்து, "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு டீ குடிக்கலாமா?" என்றார். அன்றைக்கு நல்ல தூறல். எல்லோரையும் நம் களத்தை ஒட்டியிருக்கும் அரிசி ஆலைக்கு அழைத்துப் போனார். நெல் அவிக்கிற பாய்லரிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் பெரிய குழாய் சுவரை ஒட்டி ஓடுகிறது இல்லையா, அதன் பக்கத்துக் கொடியில் என் ஈரத் துண்டை வாங்கிப் போட்டார். டீக்கடையில் டீ குடித்து, அரசியல் பேசி, திரும்பி வந்தபோது துண்டு காய்ந்து மொறமொறவென்று இருந்தது.

"சூடு அழியாதுங்க. ஆனா உதவாத இடத்துக்குப் போயிடும்" என்று அப்போதுதான் சொன்னார். "நெல்லு காய நாற்பது அம்பது டிகிரி போதும். அதுக்குப் போய் டீசலைக் கொளுத்துறது, கொசு அடிக்க பொக்லைன் கொண்டுவர்ற மாதிரி. உமியை எரிச்சு, அவங்க வேலை முடிஞ்சு, வேண்டாம்னு வானத்துல விடுற சூடு இது. நம்ம வேலைக்கு இதுவே ஜாஸ்தி." ஆலைக்காரர் ஒத்துக்கொண்டார். புகைக்குழாயைச் சுற்றிக் காற்றை ஓட்டி, சூடான காற்றை நம் களத்துக்குக் கொண்டுவரும் டிரையரை அவரே வரைந்து, கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து செய்ய வைத்தார். சூடு கூடிப்போனால் குறைக்க, வெளிக்காற்று வந்து கலப்பதற்கு ஒரு சின்னக் கதவு வைத்தார். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் விதைநெல்லுக்கு ஏற்ற இளஞ்சூடு. பாதி மூடினால் சாதா நெல்லுக்கு.

சங்கத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் அவர் ஒரு கேள்வி கேட்பார், உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். "இது தப்பாப் போனா திரும்ப வர முடியுங்களா?" அவர் வகுப்பில் நடத்தும் பாடமும் அதுதானாம். உலகத்தில் சில காரியங்களைப் பின்னால் திருப்பலாம், சிலவற்றை என்ன செய்தாலும் திருப்ப முடியாது. "பால் ஆறிப்போனா சுட வெச்சுக்கலாம். தயிரான பிறகு பால் ஆகுமா?" என்பார். செங்கல் சூளைக்காரர் பொது நிலத்தில் ஓரடி மேல்மண் கேட்டபோது, நல்ல விலை என்று பாதிப் பேர் சாய்ந்துவிட்டார்கள். அந்தக் கேள்வியை வைத்தே அவர் அதைத் தடுத்தார். அதே மனுஷி, யாருமே நட்டுப் பார்க்காத ஒரு புது ரகத்தை ஒரு வயலில் போட்டுப் பார்க்கலாம் என்றபோது முதல் ஆளாகக் கை தூக்கினார். "திரும்ப வர்ற தப்பை தைரியமாப் பண்ணலாம்" என்றார். ரகம் ஊத்திக்கொண்டது, அவர் கவலைப்படவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் மாசியில் பருவம் தப்பி மழை பெய்தது. கீழத்தெருவில் ஆறு குடும்பங்கள் முதல்முறையாகத் தங்கள் வயலிலேயே விதை எடுத்திருந்தார்கள். கடை விதை வேண்டாம், நம் மண்ணில் விளைந்ததையே விதைப்போம் என்று அவர்களுக்கு ஆசை காட்டியவர் மேடம். அந்த விதைநெல் டிரையரில் இருந்தது. இளஞ்சூட்டில் சாயங்காலம் வரை ஓட வேண்டும். மேடத்துக்கு அன்று வகுப்பு, டிரையரைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது. வெளியே ஈர நெல்லோடு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. நின்றவர்களில் பாதிப் பேர் என் பங்காளிகள். இன்னும் எவ்வளவு நேரம், எங்க நெல்லு முளைச்சிடும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் போய் அந்த வெளிக்காற்றுக் கதவை முழுசாக மூடினேன்.

மூன்று மணி நேரத்தில் விதைநெல் காய்ந்துவிட்டது. மதியத்துக்குள் இறக்கிவிட்டுப் பங்காளிகள் நெல்லை ஏற்றினோம். ராஜேந்திரன் கை வைத்தால் காரியம் நடக்கும் என்றார்கள், எனக்கும் உச்சி குளிர்ந்தது. மணிக்கொரு தடவை சூட்டைக் குறித்து வைக்கவேண்டிய நோட்டில் அந்த மூன்று மணி நேரத்தை எழுதாமல் விட்டேன். மறந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

ஆவணியில் மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்தது. ஆறு பேரும் விதையைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் ஊறப்போட்டு, எடுத்து வைக்கோல் போட்டு மூடி வைத்தார்கள். உயிருள்ள விதை முளைவிடும்போது தானாகச் சூடாகும், நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மறுநாள் சாக்குக்குள் கை விட்டால் கதகதவென்று இருக்க வேண்டும். இரண்டாம் நாள் மத்தியானம் ஆறு பேரில் ஒருவரான கலியமூர்த்தி மேடத்துக்குப் போன் செய்தார். நானும் கூடப் போனேன். மேடம் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டார். விட்ட கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "சுடலைங்க" என்றார் மெதுவாக. ஆறு வீட்டுச் சாக்கிலும் கை விட்டுப் பார்த்தார். நானும் விட்டேன். ஜில்லென்று இருந்தது, லேசாகப் புளித்த வாடை வந்தது. கதவை மூடிய என் கை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் நேராக டிரையர் கொட்டகைக்குப் போய் நோட்டைப் புரட்டினார். மாசி மாதத்துப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது, மூன்று கட்டம் காலியாக இருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில் அவரைப் பிடித்தேன். கூட்டத்தில் நானே சொல்லிவிடுகிறேன் மேடம் என்றேன். உண்மையில் சொல்லும் தைரியம் இருந்ததா என்று தெரியாது, சொன்னேன்.

"சொல்லுங்க. ஆனா இப்ப வேண்டாம்" என்றார். "உங்க ஆளுங்க நெல்லுக்காக எங்க ஆளுங்க விதையைக் கெடுத்தீங்கன்னு ஆயிடும். எங்க தெருக்காரங்க என்னைத் திட்டுவாங்க, ஆனா விட்டுட்டுப் போக மாட்டாங்க. உங்களைத் திட்ட மாட்டாங்க. பேசாம விலகிடுவாங்க. ஒருதடவை விலகிட்டா அப்புறம் இந்த சங்கம் ஒட்டாது. என் பேரு கெட்டா திரும்ப வந்துடும். ஒரு வருஷம் போகட்டும், ரெண்டு தெருவும் சேர்ந்து ரெண்டு அறுப்பு அறுக்கட்டும். அப்புறம் நீங்களே எழுந்து சொல்லுங்க. அதுவரைக்கும் நான் தாங்குவேன்."

எனக்கு உயிர் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் அவர் எழுந்து, "விதைக்குச் சூடு கூடிப்போச்சு. பொறுப்பு என்னோடது" என்றார். கலியமூர்த்தி எழுந்தார். "படிச்ச பொண்ணு, நம்ம பொண்ணுன்னு நம்பினோம். படிச்சதெல்லாம் நம்ம தலையில கல்லைப் போடத்தானா?" என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, அமைதி, அமைதி என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். சங்கம் வேறு விதை வாங்கிக் கொடுத்தது. ஆனால் நாற்று இருபது நாள் பின்தங்கியது, ஐப்பசி மழையில் இளம் நடவு மூழ்கி, ஆறு பேரில் இரண்டு பேருக்கு அந்த வருஷம் அறுப்பே இல்லை. மேடத்தின் சொந்தச் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வரவில்லை. அவர் சொன்னபடியே திட்டினார்கள், அவர் சொன்னபடியே ஒருவரும் சங்கத்தை விட்டுப் போகவில்லை.

ஒரு வருஷம் போனது. நான் சொல்லவில்லை. அந்த வருஷம் தலைவர் தேர்தல். அடுத்த வருஷம் என் சின்ன மகள் கல்யாணம். அதற்கப்புறம், ஆறிப்போன புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புண் யாருக்கு ஆறியது என்று யோசிக்கவில்லை. மூன்றாம் வருஷம் குடவாசல் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு தடவை கேட்டார். "தலைவரே, அந்த விஷயம் எப்ப?" அடுத்த கூட்டத்துல கண்டிப்பா மேடம் என்றேன். "சரிங்க" என்றார். பஸ் வந்தது, ஏறிப்போனார். அப்புறம் அவர் கூட்டங்களுக்கு வருவது குறைந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோதுகூட எனக்கு வாய் வரவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். டிரையர் காற்றாடி பேரிங்கை மாற்றியாச்சா என்று கேட்டார். மாற்றியாச்சு என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துத் திரும்பினேன். பதினோரு நாளில் போய்விட்டார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எதை இழந்தால் திரும்ப வரும், எது வராது என்று பிரித்துப் பார்த்து, திரும்ப வரக்கூடியதாகத் தன் பெயரை எடுத்து முன்னால் வைத்தார். சங்கம் பிழைத்தது, அந்த அளவுக்கு அவர் முடிவு சரி. ஆனால் பெயர் தானாகத் திரும்பி வராது, யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் வரும். அந்த வேலையை அவர் என்னை நம்பி விட்டார். அவர் எடுத்த முடிவுகளில் நான் பார்த்த ஒரே தப்பு அதுதான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மணிவண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "தெரியும் சார். நீங்க சொல்லிடுவீங்கன்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தா. அப்புறம் சொல்றதை விட்டுட்டா" என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

நேற்றுக் காலை கலியமூர்த்தி வீட்டுக்குப் போனேன். ஆறு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதை எல்லோர் முன்னாலும் வாசிப்பதாக இருக்கிறேன். அதன்பிறகு என்னைத் தலைவராக வைத்துக்கொள்வதும் தள்ளுவதும் உங்கள் இஷ்டம். கலியமூர்த்தி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். கதவை மூடியதிலிருந்து வாய்க்கால் கரைப் பேச்சு வரை ஒன்று விடாமல் சொன்னேன். என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்குக் கூட்டத்துல அவங்களை நான் என்னவெல்லாம் சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

"நீங்க வந்து சொல்லிட்டீங்க. நான் எங்க போய்ச் சொல்றது?"

சங்கத்துக்கு மேடம் விட்டுப்போனது நிறைய இருக்கிறது. டிரையர் இருக்கிறது, இந்த மாசியிலும் ஓடுகிறது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்னால் கேட்கவேண்டிய அந்தக் கேள்வி இருக்கிறது. அதையெல்லாம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என் பங்குக்கு நான் வைத்துக்கொள்வது கலியமூர்த்தி கேட்ட இந்தக் கேள்வியைத்தான். நேற்று அவர் அதைக் கேட்டதும், நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.